நாணலும் கவிழ்க்காத சட்டிகளும்

என் மகளின் பெயரைச் சொல்லித்தான் அந்த நாணலை வெட்ட முடிவெடுத்தார்கள். நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள்தான் நான். கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். மூடித்தான் இருந்தது. "பயப்பட ஒண்ணும் இல்லன்னா ஒனக்கு அதுவே பயமாயிரும்" என்பார் என் வீட்டுக்காரர். காட்கோபரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், நிம்மதியான மனிதர். அவருக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருப்பது செம்பூரில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பின்பக்க வீடு. பின்சுவருக்கு அந்தப்புறம் ஒரு பள்ளம். மழைத் தண்ணீர் வந்து நிற்கும், நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் நிரம்பினால் அந்தத் தண்ணீரும் வரும். பள்ளம் முழுக்க நாணல். ஆள் உயரத்துக்கும் மேலே, கரும்பு மாதிரிக் கணு வைத்து, நீள இலைகளோடு நெருக்கமாக நிற்கும். மழை ஓய்ந்த பிறகு உச்சியில் பழுப்பாகப் பூ விடும். கட்டடத்தில் யாரும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அது 'ஜாடி'. புதர் என்று இந்தியில் ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். எங்கள் தெருவே சதுப்பைத் தூர்த்து எழுப்பிய தெரு. இடிபாடு, சாம்பல், தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் கொட்டி மிதித்து, அதன்மேல் தகரத்தை நிறுத்திக் குடியேறியவர்கள் எங்கள் ஆட்கள். ஒவ்வொரு மழைக்கும் தரை இறங்கும், மறுபடி கொட்டுவார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பின் ஜன்னலைத் திறந்ததும், "இத மூடிட்டா நல்லாருக்கும்லா" என்றுதான் நானும் சொன்னேன். பாம்பு வரும், பெருச்சாளி வரும், கொசு வரும் என்று அந்த ஜன்னலுக்கு வலை அடித்து, அதன்மேல் திரையும் போட்டேன்.

போன வருடம் மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்தது. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. மழை தொடங்கிவிட்டால் யார் யாருடைய பிளேட்லெட்டையோ கவரில் போட்டுக் கொடுத்தபடி இருப்பேன். ஊரார் ரிப்போர்ட்டுக்கே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். சொந்த மகளின் ரிப்போர்ட் பிரிண்டரில் வந்து விழுந்தபோது அதை எடுக்கக் கை போகவில்லை. பக்கத்து மேஜைப் பெண் எடுத்துப் பார்த்துவிட்டு, "தீதி, ஆப் கர் ஜாவோ" என்றாள். வீட்டுக்குப் போ என்கிறாள். எந்தப் பக்கம் ஸ்டேஷன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் நேர்ந்துகொண்டேன். பிள்ளை எழுந்து நடக்கட்டும், அடுத்த ஆடிக் கொடைக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று. செம்பூரில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஒரு சின்ன அம்மன் கோயில் வைத்திருக்கிறார்கள். கொடை என்பது அதன் திருவிழா. கொடைக்கு முன்னால் பெண்கள் சட்டியில் எருவும் மண்ணும் போட்டு நவதானியம் விதைப்போம். வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்போம். கொடையன்று தலையில் சுமந்து கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்துவிட்டு, வெறும் சட்டியோடு திரும்புவோம். சட்டி என்பது பேச்சுக்குத்தான். பம்பாயில் அது பிளாஸ்டிக் பேசின்.

அந்தச் சட்டிகளுக்கெல்லாம் பொறுப்பு எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி அக்கா. என் அம்மாவைவிடச் சில வயதுதான் இளையவள், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. தாராவியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தவள். கொடை முடிந்ததும் சட்டிகளைக் கழுவி வாங்கி மொட்டை மாடியில் வைத்துக்கொள்வாள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தினமும் காலையில் அவள்தான் பப்பாளி இலையை இடித்துச் சாறு கொண்டுவந்தாள். பப்பாளி மரத்துக்காக எங்கெங்கோ அலைந்தாள். அந்தச் சாறு எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று எங்கள் லேப் டாக்டருக்கே நிச்சயமில்லை. எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி தினமும் படியேறி இறங்குகிறாளே, அது போதும் என்றிருந்தது.

காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளைக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. மொபைல் பார்த்தால் கண் வலிக்கிறது என்றாள். பின் அறையில் காற்று வரும் என்று கட்டிலை அங்கே போட்டு, வேறு வழியில்லாமல் திரையை விலக்கினேன். வலையை மட்டும் விடவில்லை. நாள் முழுக்க அவள் அந்த வலை வழியே நாணலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஒருநாள் லேபிலிருந்து வந்ததும் வராததுமாக, "மம்மி, ஜல்தி வாங்க, முர்கி மாதிரி ஒண்ணு, புளூ கலர்ல" என்று கூப்பிட்டாள். கோழியைத்தான் முர்கி என்கிறாள். போய்ப் பார்த்தேன். நாட்டுக்கோழி அளவில், உடம்பெல்லாம் நீலமும் ஊதாவுமாக, சிவந்த அலகும் சிவந்த நெற்றியுமாக ஒரு பறவை. நீண்ட விரல்களால் சாய்ந்த தண்டுகளை மிதித்து, தண்ணீரில் கால் படாமல் நடந்தது. ஒரு இளந்தண்டை ஒடித்து, ஒரு காலால் கையில் பிடிப்பதுபோல் பிடித்து, பட்டையை உரித்து உள்ளிருப்பதைத் தின்றது. நான் கரும்பு தின்பதும் அப்படித்தான் இருக்கிறது என்று மகள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

நீலத் தாழைக்கோழி என்று பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் காலையும் மாலையும் அந்தப் பேச்சுதான். தூக்கணாங்குருவி வந்து நாணல் இலையின் ஓரத்தைக் கடித்து, நீள நாராகக் கிழித்துக்கொண்டு பறப்பதைக் காட்டினாள். எங்கேயோ கூடு கட்டுகிறது, நூல் வாங்க இங்கே வருகிறது என்றாள். குளிர் மாதங்களில் கண்ணுக்கே தெரியாத ஒரு பழுப்புக் குருவி உள்ளேயிருந்து விடாமல் கரகரவென்று திட்டிக்கொண்டிருக்கும். தும்பிகள் தண்டுக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஓரத்தில் மடையான் கொக்கு அசையாமல் நிற்கும், குஞ்சு மீன்களைக் கொத்தும். பெருமழை கொட்டிய ஒரு நாளில் எதிர்த் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் தண்ணீரெல்லாம் பள்ளத்தில் இறங்கி நாணலுக்குள் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காட்டின்மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்ததே, அதை வெட்டப் போகிறார்கள் என்று கேட்டபோதுதான்.

இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன், கட்டடத்தில் வீடு உள்ளவர்கள் கூடும் சொசைட்டி மீட்டிங். செகரட்டரி மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்துக்காக ஓடியாடுகிறவர், ஒரு குறை சொல்ல முடியாது.

"போன வருஷம் இவாத்துப் பொண்ணு பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். இன்னொரு கொழந்தைக்கு அது வரப்டாது. பின்னாடி ஜாடியை கிளியர் பண்ணி, டெப்ரிஸ் போட்டு லெவல் பண்ணிடலாம். கார்ப்பரேட்டர் ஆபீஸ்ல பேசிட்டேன்" என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பரிதாபமும் அன்பும் கலந்த பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் என்ன சொல்வது? நாணலில் கொசுவே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியுமா? என் மகளைக் கடித்த கொசு அங்கிருந்து வரவில்லை என்று யார் சொன்னது? வெட்டினால் அந்தக் கோழி போய்விடுமே என்று ஒரு பயம். வெட்டாமல் விட்டு அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், என் வாயால் வந்தது என்று ஆகிவிடுமே என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மகள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "என் நேம் எதுக்கு சொல்றாங்க? நான் கேட்டேனா வெட்டச் சொல்லி?" என்று அவள் கத்தினாள். பதிலுக்கு நானும் கத்தினேன். செத்துப் பிழைச்சு வந்திருக்கே, ஒனக்குக் கோழி முக்கியமா என்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்ன பிறகு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

மழை வலுத்ததால் வேலை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் தாழைக்கோழி தன் காரியத்தைப் பார்த்தது. தண்டுகளை வளைத்து மடித்து, தண்ணீருக்கு மேலே தட்டு மாதிரி ஒரு கூடு. ஆடி பிறந்த சில நாளில், தாயின் பின்னால் கரித்துணிப் பந்துகளாக நான்கு குஞ்சுகள் தத்தின. மகள் கோபத்தை மறந்து என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வருகிறது என்று அன்று காலைதான் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

முளைப்பாரிக்கு விதை போடுவதற்கும் நாள் நெருங்கிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் சட்டி எடுக்க அக்காவோடு மொட்டை மாடிக்குப் போனேன். லிஃப்ட் மொட்டை மாடிவரை போகாது, முட்டி வலியால் படிக்குப் படி நின்று ஏறினாள். மாடிச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால், பழைய புடவையால் மூடி, வரிசையாகச் சட்டிகள். அக்கா புடவையை விலக்கினாள். துணிவழியே இறங்கிய மழைத் தண்ணீர் சட்டிக்குச் சட்டி நின்றது. தெளிந்த தண்ணீர். அதற்குள் துளித்துளிக் கருப்புகள் தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தன. என் நிழல் பட்டதும் சுருண்டு அடிக்குப் போயின. அடுத்த சட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

 லேபில் என் தலைக்கு மேலே ஒரு நோட்டீஸ் பல வருடமாகத் தொங்குகிறது. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, பாத்திரத்தில் நிற்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று, படத்தோடு.

"அக்கா, இத ஏன் நிமுத்தியே வச்சிருக்கிய? கவுத்து வைக்கக் கூடாதா?"

"அம்மன் சட்டியக் கவுப்பாவளா பிள்ள? குடும்பம் கவுந்துராது? ஒண்ணுமேல ஒண்ணும் அடுக்கப்படாது, சாமிய மிதிச்ச மாதிரி. எங்க அம்மைக்கு அம்மையும் இப்படித்தான் வச்சிருந்தாவ."

"மருந்தடிக்கிற கார்ப்பரேஷன் ஆளு வந்து பாக்கலியா?"

"வந்தான். பூஜா கா சாமான்னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டான்."

பெருமையாகச் சொன்னாள். நான் ஒரு சட்டியை அவள் கண்ணருகே தூக்கிக் காட்டினேன். பார்த்தாள். என்ன அது என்று அவளுக்கும் தெரிந்தது. மழைக்காலத்தில் வாளியில் பார்க்காததா?

"கொசுப்புழு அக்கா. போன வருசமும் இப்படித்தான இருந்திருக்கும்" என்றேன். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தித்தான் சொன்னேன்.

அக்கா முகம் இறுகிவிட்டது. "என்ன சொல்ல வார நீ? அம்மன் சட்டிலருந்து ஒன் பிள்ளைக்கு நோவு வந்துச்சுன்னா? நாக் கூசலியா ஒனக்கு?"

"நாணல வெட்டப் போறாவ அக்கா. என் பிள்ள பேரச் சொல்லி. இதக் காட்டாம, கொசு அங்கருந்து வரலன்னு நாளைக்கி நான் எப்படிச் சொல்லுவேன்?"

"வாயக் கழுவு, போ" என்றாள். புடவையைத் திரும்ப இழுத்து மூடிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். நானே எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். நேர்ச்சைக்காரி நான். இன்னும் கடனைத் தீர்க்கவில்லை. கை வரவில்லை. அது மட்டுமில்லை, கொட்டிவிட்டால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. காட்டினாலோ அக்கா ஊர்முன்னால் குற்றவாளியாக நிற்பாள். அவள் கையால் என் பிள்ளை குடித்த சாறெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை ஜேசிபி வந்துவிட்டது. பின் கேட்டைக் கழற்றி வழி விட்டிருந்தார்கள். செகரட்டரி குடையோடு நின்றார். பாதிக் கட்டடம் வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கியிருந்தது. சாலையோர மூலையில் இயந்திரத்தின் பல் இறங்கியது. வேரும் சேறுமாக நாணல் ஒரு கட்டாக மேலே எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓரமாக விழுந்தது. உள்ளேயிருந்து சில்லைக் குருவிகள் மொத்தமாக எழும்பி, உட்கார இடம் தெரியாமல் சுற்றின. தாழைக்கோழி கரகரத்த குரலில் கத்துவது கேட்டது. மேலே எங்கள் ஜன்னலிலிருந்து மகள், "ரோக்கோ! ரோக்கோ!" என்று வலையை அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்துங்கள் என்கிறாள். இயந்திரத்தின் சத்தத்தில் டிரைவர் காதில் எப்படி விழும்?

நான் செகரட்டரி முன்னால் போய் நின்றேன்.

"சார், இத நிறுத்துங்க."

"ஏம்மா? உங்க பொண்ணுக்காகத்தானே பண்றோம்."

"கொசு இங்கருந்து வரல சார்."

"பின்ன எங்கேர்ந்து வந்தது?"

சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இயந்திரம் இரண்டாவது கட்டை எடுத்தது.

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அக்கா வந்தாள். கொடைக்குக் கட்டுகிற மஞ்சள் புடவை. தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு சட்டி. ததும்பத் ததும்ப, முகத்திலும் தோளிலும் தண்ணீர் வழிய, மூன்று மாடி இறங்கி வந்திருந்தாள். முட்டி வலிக்காரி, லிஃப்டில் வரவில்லை. யாரோ ஒரு பெண் விஷயம் புரியாமல் குலவை போட்டு, பாதியில் நிறுத்தினாள்.

அக்கா செகரட்டரி காலடியில், சிமென்ட் தரையில், சட்டியை இரண்டு கையாலும் கவிழ்த்தாள்.

"பாருங்க சாரு" என்றாள். "நல்லாக் குனிஞ்சு பாருங்க. மாடியில இன்னும் இருக்கு. எல்லாம் என் பொறுப்புல உள்ளது. அந்தப் பள்ளத்த விட்டுருங்க, அதுல ஒண்ணுமில்ல."

ஈரச் சிமென்ட்டில் புழுக்கள் துள்ளின. செகரட்டரி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். என்ஜின் நின்றதும் மகளின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

நாணல் முழுதாகத் தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மூலை போய்விட்டது. மிச்சத்துக்கும், "இப்போதைக்கு ஹோல்டுல வெப்போம்" என்றுதான் செகரட்டரி சொல்லியிருக்கிறார். அந்த 'இப்போதைக்கு' எத்தனை நாளுக்கு என்று நினைத்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற சட்டிகளையெல்லாம் அன்றே அக்காவும் நானும் கொட்டித் தேய்த்துக் கழுவினோம். விதை போடுவதற்கு வேண்டியது போக மிச்சத்தை அவளே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றைக் கவிழ்க்கும்போதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகளின் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏ பிள்ள, ஒன்னயப் படுக்க வச்சது நாந்தானோ?"

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அது தெரியாது பெரிம்மா. அந்தக் கசப்பு ஜூஸுக்கு வேணா ஸாரி சொல்லுங்க" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மகள் அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தாள். காலையிலிருந்து கோழி கண்ணில் படவில்லை. மூன்று பேரும் வலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றோம்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நாணல் அசைந்தது. வெட்டுப்பட்ட ஓரத்தில் தாழைக்கோழி தலையை நீட்டியது. சேற்றையும் இயந்திரத் தடத்தையும் நெடுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பின்னால் ஒரு கருப்புப் பந்து தத்தியது.

"ஏக்" என்று எண்ணினாள் மகள். இன்னொன்று வந்தது. "தோ."

தாய் திரும்பி நாணலுக்குள் பார்த்தபடி நின்றது. நாங்களும் நின்றோம்.

"அம்புட்டுதானா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

 கோழி நாணலைப் பார்த்து ஒருமுறை குரல் கொடுத்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருட்டும்வரை அங்கேயே நின்றாள்.